ஒரே ஒரு இலை

“மத்ததெல்லாம் கொடுக்கிறேன். அதை மட்டும் கொடுக்க மாட்டேன்.”

தையல்காரி எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே மாடிவீட்டுக் கண்ணாடிக்காரர் இப்படிச் சொல்வார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இப்போது கடை இல்லை. வீடு முழுக்கப் பனித்துளிச் செடிகள்தான். இலையெல்லாம் சிவப்பு முடி, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பசைத்துளி. பனித்துளி என்று நம்பி உட்கார்ந்த கொசு அதோடு சரி.

தன் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியை வளைத்துக்கொள்ள வந்த தையல்காரி, அவருடைய பூதக்கண்ணாடி வழியே ஓர் இலை கொசுவை மெதுவாக மடக்குவதைப் பார்த்தாள். வந்த வேலையை மறந்தாள். அன்று பிடித்த பைத்தியம்.

அவரும் விதை கொடுத்தார், மணல் கலந்த பாசி கொடுத்தார். “குழாய்த் தண்ணி ஊத்தினே, அவ்வளவுதான். மழைத்தண்ணிதான் ஊத்தணும்” என்று சொல்லிக் கொடுத்தார். அவள் வீட்டுப் பாத்திரமெல்லாம் மொட்டைமாடிக்குக் குடியேறியது.

ஆனால் கண்ணாடித் தொட்டிக்குள் தனியாக இருந்த அந்த அகல இலைச் செடி மட்டும் கிடையாது. மழைக்காட்டுச் செடி. கிடைப்பது குதிரைக்கொம்பு.

சரி, கஞ்சத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் கொடுக்க மாட்டேன் என்ற அதே வாய் பாடமும் நடத்தியது.

“ஒரு இலையைக் காம்போட பிச்சு ஈரப்பாசி மேல வச்சாப் போதும். இலையிலேயே குட்டி குட்டியா முளைக்கும். தாய்ச்செடிக்கு ஒண்ணும் ஆகாது. அடடா, பால் பொங்குது!”

உள்ளே ஓடுவார். லேசில் திரும்ப மாட்டார். திரும்பும்போது வாசலிலேயே நின்று இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் வருவார். அடுப்பில் பாலே இருக்காது.

ஒருநாள் அவளுடைய பைக்குப் பக்கத்தில், ஈரப் பஞ்சின் மேல், அந்தச் செடியின் இலை ஒன்று கிடந்தது.

“சார்! உங்க இலை இங்க விழுந்து கிடக்கு!”

கண்ணாடிக்காரர் வந்தார். இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நல்ல கண்ணும்மா உனக்கு” என்றார். குரலில் பாராட்டு இல்லை.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள்.

“ஆழம் பார்க்கிறாரு” என்றார் அவர். “நீ கை வைக்கிறியான்னு கதவிடுக்குல நின்னு பார்ப்பாரு.”

“ஏங்க, என்னைப் பார்த்தா திருடி மாதிரியா இருக்கு?”

“உன்கிட்டத் துணி தைக்கக் கொடுத்தவங்களை விசாரிச்சிருப்பாரு. மிச்சத் துணியெல்லாம் எங்க போச்சுன்னு.”

அளவு நாடா பறந்து வந்து அவர் முதுகில் விழுந்தது.

அதிலிருந்து மாடிக்குப் போனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். அவர் முகமோ நாளுக்கு நாள் வாடியது. இதற்கு ஏன் வாட வேண்டும்?

பிறகு ஒருநாள் கண்ணாடிக்காரர் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானது. தொட்டிகளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தார். தையல்காரிக்கே இரண்டு கூடை. கடைசி நாள் சாமான் கட்ட உதவிக்குப் போனாள். மேசையில் அந்தக் கண்ணாடித் தொட்டி மட்டும் இருந்தது.

“அப்ப இது, சார்?”

“அது எங்கம்மா பிழைக்கும்? மக வீட்டுல நாள் முழுக்க ஏசி. காத்துல பொட்டு ஈரம் இருக்காது. காஞ்சு செத்துரும்.”

“எனக்குக் கொடுங்களேன். கண்ணு மாதிரி பார்த்துக்கிறேன்.”

“கொடுக்க மாட்டேன்.”

சொன்னவரின் கண் கலங்கியிருந்தது. சாகக் கொடுப்பாராம், அவளுக்குக் கொடுக்க மாட்டாராம். அதற்கு அழுகை வேறு. என்ன மனுஷன் இவர்?

“நான் குளிக்கப் போறேன். ரொம்ப நேரமாகும்” என்றார் கண்ணாடிக்காரர். “வாசக்கதவு திறந்தே இருக்கட்டும். அந்தத் தொட்டி ஒண்ணும் கனமில்ல. யாரு வேணா ஒரு கையால தூக்கிடலாம்.”

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

செடி அவளையே பார்ப்பது போலிருந்தது. விரல்கள் துறுதுறுத்தன. நாளைக்கு ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டாள்.

தண்ணீர் நின்றது. கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். தலை நனையவில்லை. சட்டை கூடக் கழற்றவில்லை. நேரே மேசைக்குப் போனவர், கட்டி வைத்த பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“இன்னும் இங்கேயே இருக்கே!”

“பின்னே? தொடக்கூட இல்ல, சார்” என்றபடி அவள் உள்ளே வந்தாள். “ரொம்ப நாளா என்னைச் சோதிக்கிறீங்க. எனக்குத் தெரியும். நான் அப்படிப்பட்டவ இல்ல.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இதை எனக்குத் தந்தவர் பெரிய மனுஷன்மா. வாங்கிட்டுப் போனவங்க எல்லாரும் குழாய்த் தண்ணி ஊத்திக் கொன்னுட்டாங்கன்னு அவருக்கு ஆத்திரம். சாகக் கிடந்தப்ப என் கையைப் பிடிச்சு, ‘இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன்’னு சத்தியம் வாங்கிட்டார். நான் எப்படிக் கொடுப்பேன்?”

கீழே லாரி வந்து ஹாரன் அடித்தது.

கண்ணாடிக்காரர் எழுந்தார். துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

“இன்னொரு தடவை குளிக்கப் போறேன். உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், இந்தத் தடவையாவது திருடித் தொலையேன்மா!”