ஜாமீன் கையெழுத்து

"நாலு கிரெடிட் கார்டா! நாலுலயும் கடனா! அட கண்றாவியே!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் பார்சல் பிரிவே திரும்பிப் பார்த்தது.

கையில் கடன் விண்ணப்பத்தோடு நின்றார் ஆமாஞ்சாமி. அது ஆபீஸ் வைத்த பெயர். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

"மெதுவா சார்... நாலு கார்டுக்கும் வட்டி கட்டியே சம்பளம் கரையுது. பேங்க்ல ஒரே கடனா தர்றாங்க. அதை வாங்கி நாலையும் அடைச்சிட்டா வட்டி பாதியா குறையும். மாசம் ஒரே தவணை. ஜாமீனுக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"கடனை அடைக்கக் கடன்! நல்லா இருக்குய்யா உன் நியாயம்."

"இன்னிக்குக் கையெழுத்து வாங்காம வந்தா, பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு வீட்டுல சொல்லிட்டா சார்."

சொல்லிவிட்டு விண்ணப்பத்தை நீட்டினார். பாவமாகத்தான் இருந்தது.

"போகாம என்ன செய்வா? இத்தனை நாள் இருந்ததே பெரிசு" என்றார் பில் போடும் அக்கா, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கிடங்குக்காரரும் சேர்ந்துகொண்டார். "தம்பி, வரவைப் பார்த்துச் செலவு பண்ணணும். ஊதாரித்தனம் உடம்புல ஊறிட்டா லேசுல போகாது."

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அறிவுரை சொல்ல இவ்வளவு வாகான ஆள் தினமுமா கிடைக்கிறான்?

"என்னைப் பாருய்யா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என் பேர்ல ஒரு கார்டு உண்டா? கிடையாது. ஏன்? மனசுல கட்டுப்பாடு இருக்கு!"

அரை மணி நேரம் ஓடியது. அனுப்ப வேண்டிய பார்சல்கள் அப்படியே கிடந்தன. ஆமாஞ்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில் சூப்பர்வைசர் பெரிய மனசு பண்ணினார். "எல்லாரும் பார்த்துக்குங்கப்பா" என்று சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் கடன் கைக்கு வந்தது. நாலு கார்டு பாக்கியும் அன்றே தீர்ந்தது. மறுநாள் ஆமாஞ்சாமி எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

"நேத்துத்தான் சார் நிம்மதியா தூங்கினேன். வீட்டுலயும் சிரிச்சுப் பேசுறா."

"எல்லாம் நான் சொன்ன புத்திமதி!" என்று டீயை உறிஞ்சினார் சூப்பர்வைசர்.

ஆமாஞ்சாமி பர்ஸிலிருந்து நாலு கார்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். பார்சல் கட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

"என்னய்யா பண்றே?"

"வெட்டப் போறேன் சார். நாலையும் மூடச் சொல்லி பேங்க்லயும் எழுதிக் கொடுத்துட்டேன்."

பில் போடும் அக்கா சட்டென்று எழுந்தார். கிடங்குக்காரர் டீயைக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதேய்யா" என்றார் சூப்பர்வைசர். "ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணையாவது வெச்சுக்க."

"மாட்டேன் சார்."

சொன்னவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினார். பிறகு கத்தரிக்கோல் நாலு முறை நறுக்கியது.

சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"சுயநலக்காரன்யா நீ! என் வீட்டு டிவி, அக்காவோட வாஷிங் மெஷின், கிடங்குக்காரர் பையனுக்கு செல்போன்னு எல்லாத்தையும் உன் கார்டுலதானே வாங்கினோம்? அடுத்த மாசம் நான் ஃப்ரிட்ஜ் வாங்கணும். வாங்கினதுக்குப் பணம் கேட்காத ஆளுக்கு இனிமே நான் எங்கேய்யா போவேன்?"