வேகும்போது திறந்த கதவு

கேக்கின் நடு அமுங்கிக் கிண்ணம் போலக் கிடந்தது.

பெரியவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "அவன் செயல்" என்றாள்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட இருவருக்கும் ஒரே பேக்கரியில் வேலை. புதுக் கடைக்கு ஒருத்தியைப் பொறுப்பாகப் போடப் போகிறார் முதலாளியம்மா. ஆளுக்கொரு கேக் சுடச் சொல்லியிருந்தார். இருப்பது ஒரே ஓவன். சின்னவளுடையது முதலில் வெந்து இறங்கியது.

பெரியவளின் கேக் எப்போதும் பஞ்சாக வரும். யாராவது புகழ்ந்தால், "என் கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் செயல்" என்பாள். அந்த அடக்கத்துக்குத் தனியாக இன்னொரு புகழ்ச்சி கிடைக்கும். சின்னவள் வயிறெரிந்தபடி தட்டுகளைத் தேய்ப்பாள்.

இன்றைக்குப் பெரியவள் ஃபோன் பேச வெளியே போனாள். கேக் பாதி வேக்காட்டில் இருந்தது. அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் உப்பியது அப்படியே உட்கார்ந்துவிடும்.

சின்னவள் திறந்தாள். ஒரு மூச்சு விட்டு, சத்தமில்லாமல் மூடினாள்.

எல்லாம் அவன் செயல் என்றால் இதுவும்தானே? அவன் நினைக்காமல் என் கை நீண்டிருக்குமா? இப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் அதையே பெரியவள் வாயால் கேட்டபோது பொறுக்கவில்லை. செய்த பாவத்தைக்கூட என் பேரில் இருக்க விடமாட்டாளா இவள்?

முதலாளியம்மா இரண்டையும் தின்று பார்த்தார். "புதுக் கடையை நீயே பாத்துக்கம்மா" என்று சின்னவளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பெரியவள் ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. உன் கேக் வெந்துட்டிருந்தப்போ நீ வெண்ணெய் எடுக்கப் போனியே, அப்போ ஓவன் கதவைத் திறந்துடலாம்னு கைப்பிடியைப் பிடிச்சுட்டேன்டி. அவ்வளவு பொறாமை எனக்கு. ஆனா இழுக்க வரல. யாரோ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி."

"யாரு?" என்றாள் சின்னவள்.

பெரியவள் மேலே பார்த்தாள்.

சின்னவள் தன் வலது கையைப் பார்த்தாள். எவ்வளவு லேசாகத் திறந்தது அந்தக் கதவு.

புதுக் கடை மறந்தே போயிற்று. பழையபடி வயிறு எரியத் தொடங்கியது.

இவள் கையை மட்டும் பிடித்திருக்கிறான்.