டேப்பின் கண்ணில் ஒரு பொட்டு

அறிவியல் பாடம் முழுக்க பள்ளி கொடுத்த டேப்லெட்டில், அதாவது டேப்பில்தான். ஒரு வாக்கியத்தில் கண் தயங்கினால் போதும், டேப் அதைக் கேமரா வழியே கண்டுபிடித்து, வாக்கியத்தை எளிதாக்கிவிடும். ஒன்பதாம் வகுப்பு இளவேனில் இதுவரை எதையும் இரண்டாம் முறை வாசித்ததே இல்லை.

நேற்று அம்மா, புது மாத்திரையோடு வந்த தாளை அவளிடம் நீட்டினாள். "பாலோட போட்டுக்கலாமான்னு பாரு."

'பாலிலுள்ள கால்சியம் இம்மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.' இளவேனில் அந்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தாள் மாறவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கிற, படிடி!" என்ற அம்மா, பொறுமையிழந்து மாத்திரையைப் பாலோடு விழுங்கிவிட்டாள். மறுபடி வாசித்தபோதுதான் இளவேனிலுக்கு அர்த்தம் புரிந்தது.

இன்று வகுப்பில் அவள் பொட்டு அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து டேப்பின் கேமரா மேல் ஒட்டினாள்.

"உன் கண்கள் தெரியவில்லை" என்றது டேப். கடினமான வாக்கியம் கடினமாகவே நின்றது. அவள் முதலிலிருந்து வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

ஜெசிந்தா மிஸ் பக்கத்தில் வந்து நின்றார். "என்னடி இது?"

"நானே படிக்கணும் மிஸ். எவ்வளவு நேரமானாலும் சரி."

பொட்டை எடுக்க நீண்ட மிஸ்ஸின் கை பாதியில் நின்றது. டேப்பில் கண் பதித்திருந்த மற்ற பிள்ளைகளை அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அட்டையில இன்னும் எத்தன பொட்டு இருக்கு?"