நாற்பது இடது கால்கள்

கடல் ஊரை விழுங்கிய பிறகு, மூன்று வருஷமாகப் பனியம்மாள் ஓசூர் முகாமின் கூடத்தில் தன் ஊர்க் கும்மியைத் தனியாக ஆடிவந்தாள். கரைவலை இழுப்பதுபோல் இரண்டடி பின்னால் வைத்து ஆடும் கும்மி அது. அந்தக் கூடத்தின் தரை காலடியை வைத்தே ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடும். அதே அடி வேறு முகாமில் விழுந்தால் சொல்லியும்விடும்.

ஒரு சனிக்கிழமை தரை பச்சையாக ஒளிர்ந்தது. "உங்கள் ஊரார் நாற்பது பேர் தருமபுரி முகாமில் இருக்கிறார்கள்" என்றது.

அடுத்த பஸ்ஸிலேயே போனாள். அங்கே பெண்கள் வட்டமாகக் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். அதே பின்னடி, அதே கைதட்டல். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"நீங்கல்லாம் யாரு வீட்டு ஆளுவ?" என்று ஓரத்தில் நின்றவளிடம் கேட்டாள்.

"நாங்க நாகப்பட்டினம் பக்கம்க்கா. எங்களுக்குன்னு ஆட்டம் எதுவும் கெடையாது. ஓசூர் முகாம் தரை எடுத்து அனுப்புன படத்துல ஒருத்தங்க காலு மட்டும் ஆடுறதப் பாத்து இதக் கத்துக்கிட்டோம். எடது கால இழுத்து வைக்கிறதுதான் லேசுல வரமாட்டேங்குது."

பனியம்மாள் அப்போதுதான் கால்களைப் பார்த்தாள். நாற்பது பேரும் இடது காலை இழுத்து இழுத்து வைத்தார்கள். அவள் ஊரில் யாரும் அப்படி ஆடியதில்லை. தண்ணீர் வந்த அன்று கதவு விழுந்து நசுங்கியது அவளுடைய கால் மட்டும்தான்.

"ஒங்களுக்கு இந்த ஆட்டம் தெரியுமாக்கா?"

பனியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தாள்.

"தெரியும்ளா. கால இன்னுங் கொஞ்சம் மெதுவா இழுக்கணும், வலிக்க மாதிரி."