நான்காவது துண்டு

சித்திரைப் பிஹு பண்டிகைக்கு வீட்டு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பெண்கள் ஒரு துண்டு நெய்து கொடுக்க வேண்டும். எத்தனை துண்டு என்பது பாவு ஓடும்போதே, அதாவது தறிக்கான நீள நூலை அளந்து கட்டும்போதே, முடிவாகிவிடும். வெள்ளைக்காரத் துரையோடு ஆற்றுக் கப்பலில் போன குஞ்சலதாவின் கணவன் திரும்பாமல் மூன்று பிஹு கழிந்துவிட்டது. இந்த வருஷம் மாமியாரே முற்றத்தில் மூங்கில் குச்சிகளை நட்டுப் பாவு ஓடினாள்.

"மத்த மூணு பேருக்குப் போதும். பண்டிகை முடிஞ்சதும் உன் புருஷனுக்குக் கருமம் பண்ணிடலாம்னு பெரியவன் சொல்றான். அப்புறம் உனக்கு மீனும் கிடையாது, குங்குமமும் கிடையாது. இப்பவே ஆசை தீரச் சாப்பிட்டுக்கோ."

குஞ்சலதா தறியில் உட்கார்ந்தாள். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினாள். மூன்றாவது துண்டின் சிவப்புக் கரையும் ஒரு மதியம் முடிந்துபோனது. பாவு சுற்றிய உருளையில் பார்த்தால் இன்னும் ஒரு துண்டுக்கு நூல் இருந்தது.

"அம்மா, பாவு மிச்சமிருக்கு."

"எப்படி இருக்கும்? நான்தானே அளந்தேன்!"

நெய்த துண்டுகளை அறுக்கக் கத்தியோடு வந்த மாமியார் உருளையைத் தடவிப் பார்த்தாள். நூல் ஈரமாக இருந்தது. விரல்களில் ஆற்றுமணல் ஒட்டியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு, குஞ்சலதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ நெய். இது என் சின்னவனுக்கு. நான் நாடாவுக்கு நூல் சுத்தித் தரேன்" என்றாள்.