ஏரிக்குள் இரண்டு கண்கள்

பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

செகந்தராபாத்தில் எங்கள் காலனி ஏரியை மீட்பதற்கு மாநகராட்சியும் மாநில அரசும் ஒரு வெளிநாட்டு நகரமும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. எல்லைக்கல் நட, தரப்புக்கு ஒருவராக மூன்று அதிகாரிகள் வந்தார்கள். கல்லுக்கு உள்ளே வரும் வீடுகளை இடித்துவிடுவார்களாம். எங்கள் வீடும் அதற்குள்தான். நானும் என் மனைவி ஜெயசுந்தரியும் கரைக்கு ஓடினோம். இந்த வயசில் எங்கே போவோம்?

அப்போதுதான் தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் எழும்பின.

"சார், முதலை!" என்று அலறினேன்.

மாநில அதிகாரி பின்வாங்கினார். "தண்ணீர் மட்டும்தான் எங்க பொறுப்பு. கரையேறினா மாநகராட்சி பார்த்துக்கும்."

"ஏறட்டும், பார்க்கலாம்" என்றார் மாநகராட்சிக்காரர், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

வெளிநாட்டுக்காரர் மட்டும் கேமராவோடு முன்னால் போனார்.

"நக்கோ சாப், நக்கோ! போகாதீங்க!" என்று கத்தினாள் ஜெயசுந்தரி.

ஒரே பாய்ச்சல். அவருடைய ஷூ முதலையின் வாய்க்குள் போயிற்று. அடுத்த நிமிஷம் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு பறந்தார்கள். நகரமும் அரசும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கல்லும் நடவில்லை.

ஜெயசுந்தரிக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. வாசல் மணி அடித்தாலே, "வந்துட்டாங்களா?" என்கிறாள்.

"முதலை இருக்கிறவரைக்கும் எவனும் வரமாட்டான், பயப்படாதே" என்கிறேன்.

அந்த ஏரியை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லாமல் எப்போதோ மண் கொட்டி மூடித்தான் எங்கள் அபார்ட்மெண்டையே கட்டியிருக்கிறார்கள்.