அரை நிமிட அப்பா

சாப்பிட்டாயா என்று கேட்டாகிவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டாகிவிட்டது.

மகளிடம் கேட்க அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

“இரு, அம்மாகிட்ட தர்றேன்” என்று போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருபத்தாறு வருடம். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். அரை நிமிடம் அவருக்கு. மீதி அரை மணி நேரம் அம்மாவுக்கு.

சமையலறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மனைவி அடுத்த தெருவில் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். வழியனுப்பிக் கதவைச் சாத்தியதே அவர்தான்.

அதைச் சொல்ல வாயெடுத்தார்.

போன் கை மாறிவிட்டது என்று நினைத்தாள் போல. மகள் ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மா, வேலையை விட்டுட்டேன். அப்பாகிட்ட இப்ப சொல்லாத. முழுசா கேக்கவே மாட்டாரு. அடுத்து என்ன பண்ணணும்னு ஆரம்பிச்சிடுவாரு.”

சுருக்கென்றது.

கோபமும் வந்தது. படிக்க வைத்தவன் நான், எனக்குத் தெரியக் கூடாதா?

கோபத்தோடு கூடவே யோசனைகளும் வந்து வரிசையில் நின்றன. மேலாளரைப் போய்ப் பார். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கு. சித்தப்பாவுக்கு அங்கே ஆள் தெரியும்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் அந்த வரிசையில் இல்லை. அது தெரிந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

பேசாமல் வைத்துவிடலாம். எதுவும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, மனைவி வந்ததும் மெல்ல விசாரிக்கலாம். அதுதான் சுலபம்.

“அப்பாதான்மா. அம்மா வெளிய போயிருக்கா. நீ சொல்லு.”



ஏழெட்டுக் கேள்விகள் நாக்கு நுனி வரை வந்தன. ஒவ்வொன்றையும் விழுங்கினார். வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஓசூரில் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.